கைப்பும் இனிப்பும்

சுவை ஆறு என்று வகுத்தனர் நம் முன்னோர். கைப்பு, இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, துவர்ப்பு, உவர்ப்பு என்னும் அந்த ஆறனுள் இனிப்பை எல்லாரும் விரும்புவர். கைப்பைத் தேடிச் செல்வோர் அரியர். ஆயினும், உலகத்தார் நாள்தோறும் நாடும் பானங்கள் கைப்பையும் துவர்ப்பையும் அடிப்படையாகக் கொண்டவை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. தேநீர் துவர்க்கும், காப்பி கைக்கும், கொக்கோவோ கைப்பும் துவர்ப்பும் ஒருங்கே உடையது. அந்தக் கைப்போடு இனிப்பைச் சேர்த்துப் பருகக் கற்றுக்கொண்ட மனிதன், அந்தக் கைப்பும் இனிப்பும் யாருடைய கைகளால் தன் குவளைக்கு வந்தன என்று கேட்க மட்டும் பெரும்பாலும் மறந்துவிட்டான்.

ஒரு சிறுமி கேட்டாள். அவள் கேட்ட இடம் கனடா நாட்டுக் கியூபெக் மாநிலத்தில், மொன்றியால் நகரத்து வீடொன்றின் சமையலறை. காலம், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலைப்பொழுது.

அந்தச் சமையலறையில் அப்போது மூன்று தலைமுறையினர் இருந்தனர். முதலாமவர் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி. கீழ்ப் பேராக்கின் கடலோரத்தில் தென்னையும் கொக்கோவும் பயிரிட்ட தோட்டமொன்றில் பிறந்து, வளர்ந்து, மணம்புரிந்து, உழைத்து ஓய்ந்தவர். இரண்டாமவள் அவருடைய மகள். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய கல்வியைப் பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்று, மொன்றியாலில் மருந்தாளராகப் பணிபுரிபவள். மூன்றாமவள் பேத்தி, வயது பத்து. மகளையும் பேத்தியையும் காண மூதாட்டி முதன்முறையாகக் கடல் கடந்து வந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

வெயிலை மட்டுமே அறிந்த உடம்பு அந்த நாட்டுக் குளிருக்குப் பழகவில்லை. கம்பளிக்குள் கைகளை மறைத்தவாறு சன்னலோரம் அமர்ந்து, "இங்கே மரமெல்லாம் பட்டுப்போய் நிற்கின்றனவே!" என்று அவர் நாள்தோறும் வருந்துவார்.

"பட்டுப்போகவில்லை, பாட்டி. தூங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காட்டுகிறேன்" என்றாள் பேத்தி.

சொன்னபடியே அன்று காலையில் நகருக்குக் கிழக்கே, மோன்தெரெஜி வட்டாரத்திலுள்ள ஒரு மேப்பிள் தோப்புக்கு அவரை அழைத்துச் சென்றனர். இலையொன்றும் இல்லாத நெடுமரங்கள் பனிக்கு நடுவே வரிசையாக நின்றன. ஒவ்வொரு மரத்தின் அடியிலும், மார்பளவு உயரத்தில் ஒரு சிறு குழாய் செருகப்பட்டிருந்தது. அதன்கீழ் மூடியிட்ட வாளியொன்று தொங்கியது. மூதாட்டி நெருங்கிச் சென்று பார்த்தார். குழாயின் நுனியில் ஒரு துளி திரண்டு, ஒளிர்ந்து, வாளிக்குள் விழுந்தது. பின்னும் ஒரு துளி.

"இது பால்மரம்போல் அல்லவா இருக்கிறது!" என்று வியந்தவர், விரலை நனைத்து நாவில் வைத்ததும், "இல்லை, இல்லை, இது பதநீர்" என்றார். அன்றுதான், அந்த நாட்டுக்கு வந்தபின் முதன்முதலாக, அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றியது.

அவர் சொன்னதில் பிழையில்லை. பனையின் பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவது தென்பாண்டி நாட்டார்க்குக் கைவந்த கலை. அதற்கு உடன்பிறந்த கலைதான் வடஅமெரிக்கக் காடுகளில் மேப்பிள் பாகு காய்ச்சும் கலையும். ஐரோப்பியர் அக்கண்டத்தில் கால்வைப்பதற்கு முன்பே அனிஷினாபே, அபெனாக்கி, ஹோடினோஷோனி முதலிய பழங்குடியினர் இம்மரத்தின் நீரை வடித்துக் காய்ச்சி இனிப்பாக்க அறிந்திருந்தனர். பின்னர் வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்தே அதனைக் கற்றனர். இன்று உலகில் காய்ச்சப்படும் மேப்பிள் பாகில் 100க்கு ஏறத்தாழ 70 பங்கு கியூபெக் மாநிலத்திலிருந்து வருகிறது. 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் முதல் அம்மரத்தின் இலையே கனடா நாட்டுக் கொடியின் நடுவில் திகழ்கிறது.

இரவில் நீர் உறையும் குளிரும், பகலில் பனி உருகும் வெதுவெதுப்பும் மாறிமாறி வருகின்ற சில வாரங்களில்தான் இம்மரம் நீர் சுரக்கும். கோடையில் இலைகள் ஈட்டி, வேரிலும் தண்டிலும் மாவாகச் சேமித்து வைத்த உணவு, குளிர்காலத்தின் கடைசியில் சர்க்கரையாக மாறி நீரோடு கலந்து நிற்கும். தளிர் விடுவதற்காக மரம் வைத்திருக்கும் அந்தச் செல்வத்தில் மனிதன் ஒரு சிறு பங்கைக் கேட்டுப் பெறுகிறான். மரம் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வளர்ந்து, ஒரு சாண் அகலத்துக்கு மேல் பருத்த பின்னரே துளையிடுவர். அளவறிந்து எடுத்தால் அதே மரம் நூறாண்டுக்கு மேலும் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆயின், அந்நீரில் இருக்கும் சர்க்கரை 100க்கு 2 பங்குதான். பதநீரின் இனிப்போடு ஒப்பிட்டால் இது மிகவும் சிறிது. ஆகவே 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். தோப்பின் நடுவே இருந்த குடிலில் அகன்ற தட்டங்களில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூரை வழியே வெண்ணிற ஆவி மேகம்போல் எழுந்தது. நீரின் கொதிநிலையைவிட 4 பாகை மிகுந்து, 104 பாகை செல்சியசில் கொதிக்கும்போது பாகு பதமாகிவிட்டது என்று பொருள். அங்கிருந்த முதியவர் ஒருவர் கருவியைப் பாராமல், அகப்பையைத் தூக்கிப் பாகு வழியும் முறையைக் கண்டே பதம் அறிந்தார். அதைக் கண்ட மூதாட்டி, தம் தாயார் கருப்பட்டிப் பாகின் பதம் பார்த்த கதையை நினைவுகூர்ந்தார். மொழி அறியாத இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக் கொண்டனர். தொழிலறிந்தவர்க்கு இடையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை.

மாலையில் வீடு திரும்பியதும், "இன்று நான்தான் சமையல், சூடான கொக்கோ தயாரித்துத் தருகிறேன். எல்லாரும் உட்காருங்கள்" என்று பேத்தி அறிவித்தாள். காலையில் வாங்கிய பாகுப் புட்டி மேசைமேல் இருந்தது.

அவள் செய்த முறை எளியது, எவரும் செய்யத்தக்கது. மூன்று குவளைப் பாலை அளந்து அடுப்பில் இட்டாள். தனியே ஒரு கிண்ணத்தில் இனிப்புச் சேராத கொக்கோப் பொடியை ஆறு மேசைக்கரண்டி எடுத்தாள். அதனை அப்படியே பாலில் கொட்டிவிடவில்லை. கொக்கோப் பொடியில் கொழுப்பு உண்டு. ஆதலால் அது பாலோடு உடனே கலவாமல் கட்டி கட்டியாக மிதக்கும். சிறிதளவு வெந்நீர் விட்டுக் கரண்டியின் முதுகால் குழைத்து, சந்தனம்போல் ஆக்கிய பின்னரே பாலில் சேர்த்தாள். பால் பொங்கவிடாமல், ஓரத்தில் சிறுகுமிழ் தோன்றும் அளவில் தீயைத் தணித்தாள். ஒரு சிட்டிகை உப்பு இட்டாள். அடுப்பை அணைத்த பிறகே, மேப்பிள் பாகைக் குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் ஊற்றினாள். முன்னதாகவே ஊற்றிக் கொதிக்கவிட்டால் பாகின் நறுமணம் ஆவியோடு போய்விடும் என்பது அவள் அன்னை கற்பித்த பாடம்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, மூதாட்டி மேசைமேல் இருந்த கொக்கோப் பொட்டலத்தை எடுத்தார், முகர்ந்து பார்த்தார், கீழே வைத்தார், மீண்டும் எடுத்து முகர்ந்தார். அவர் கண்கள் எங்கோ தொலைவில் நிலைத்தன.

"என்ன பாட்டி?"

"ஒன்றுமில்லை, கண்ணு. இந்த வாசம் எனக்குத் தெரியும். ஆனால் பாதிதான் தெரியும்."

அந்தப் பாதி எது என்பதை நம் நாட்டுத் தோட்டங்களை அறிந்தவர் அறிவர். 1970களிலும் 1980களிலும் கொக்கோ மலேசியாவின் பெரும்பயிராக வளர்ந்தது. சபாவில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. பேராக், சிலாங்கூர்க் கடலோரங்களில் தென்னை நிழலில் கொக்கோ நடப்பட்டது. 1990ஆம் ஆண்டில் நாட்டின் விளைச்சல் 2,40,000 டன்னையும் தாண்டியது. பின்னர் விலை வீழ்ந்தது. காய்த்துளைப்பான் என்னும் பூச்சி பரவியது. செம்பனை அந்நிலத்தைப் பிடித்துக்கொண்டது. அன்றைய விளைச்சலில் 100இல் ஒரு பங்குகூட இன்று இந்நாட்டில் விளைவதில்லை. ஆலைகள் அயல்நாட்டுக் கொட்டைகளை வரவழைத்தே அரைக்கின்றன.

அந்த வளமான ஆண்டுகளில் மூதாட்டி நாள்தோறும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டு, தீம்பாருக்குள் நுழைவார். கொக்கோக் காய் கிளைநுனியில் தொங்குவதன்று. அடிமரத்தையே ஒட்டிக் காய்ப்பது. அடுத்த பூ வரும் கணுவைக் காயப்படுத்தாமல் காம்பை அறுக்க வேண்டும். குவித்த காய்களைச் சிறுகத்தியால் தட்டிப் பிளந்தால், உள்ளே வெண்ணிறச் சதை போர்த்த கொட்டைகள் முப்பது, நாற்பது இருக்கும். அந்தச் சதையைத் தோட்டத்துப் பிள்ளைகள் சப்பித் தின்பர். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். கொட்டைகளை மரப்பெட்டிகளில் நிரப்பிச் சாக்கிட்டு மூடி, ஐந்தாறு நாள் புளிக்கவிடுவர். பெட்டிக்குள் ஏறத்தாழ 50 பாகைவரை சூடேறும். காடியின் நெடி மூக்கைத் துளைக்கும். அந்தப் புளிப்பில்தான் பிற்காலத்து நறுமணத்தின் வித்து இருக்கிறது. புளிக்காத கொட்டையை எவ்வளவு வறுத்தாலும் கொக்கோ மணம் பிறவாது. புளித்ததைக் கிளறி, உலர்த்தி, மூட்டையாகக் கட்டினால் தோட்டத்தின் வேலை முடிந்தது. லாரி வரும், மூட்டை போகும்.

"மூட்டை எங்கே போனது, பாட்டி?"

"யாருக்குத் தெரியும், கண்ணு? லாரி ஏறினால் எங்களுக்கும் அதற்கும் உறவில்லை. கடையில் மைலோ டின் வாங்குவோம். அந்தப் பொடிக்கும் நாங்கள் உடைத்த காய்க்கும் உறவுண்டு என்றுகூட நான் வெகுநாள் அறியவில்லை. வறுத்த வாசம் எனக்குத் தெரியாது. புளித்த வாசம்தான் தெரியும்."

விளைவித்தவர் விளைபொருளின் முழுமையை அறியாமல் போவது கொக்கோவுக்கு எப்போதும் நேர்ந்ததன்று. அதனை முதலில் பானமாக்கிய நடு அமெரிக்க மக்கள் அதன் தொடக்கமும் முடிவும் அறிந்தவர்கள். மாயர்களும், அவர்களுக்குப் பின் மெக்சிக்கர்களும் கொட்டையை வறுத்து, கல்லில் அரைத்து, நீரில் கரைத்து, மிளகாயும் நறுமணப் பொருள்களும் சேர்த்துப் பருகினர். கொட்டையே அங்கு நாணயமாகவும் வழங்கியது. 1519ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் இறங்கிய ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். கரும்புச் சர்க்கரையைக் கலந்தனர். 1753இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அம்மரத்துக்குத் ‘தெய்வங்களின் உணவு’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். 1828இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார், அரைத்த கொக்கோவிலிருந்து கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். இன்று நம் வீடுகளில் இருக்கும் கொக்கோப் பொடி அந்த அச்சிலிருந்து பிறந்ததே.

"சீனி போடாமல் இந்தப் பாகை ஏன் ஊற்றுகிறாய், கண்ணு? சீனி மலிவாயிற்றே!" என்று கேட்டார் மூதாட்டி.

"பள்ளியில் ஆசிரியை சொன்னார், பாட்டி. அந்தக் காலத்தில் சிலர், அடிமைகள் செய்த சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி, மேப்பிள் சர்க்கரையைச் சாப்பிட்டார்களாம்."

ஆசிரியை சொன்னது உண்மை வரலாறு. 1791ஆம் ஆண்டை அதன் திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் பிரிட்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை அடிமைகளின் குருதியால் விளைந்தது என்று அறிந்த இலட்சக்கணக்கான மக்கள் அதனைத் தம் வீட்டுக்குள் அனுமதிக்க மறுத்தனர். அதே ஆண்டில் ஹைட்டித் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரத்து மருத்துவரும் விடுதலைச் சாசனத்தில் ஒப்பமிட்டவருமான பெஞ்சமின் ரஷ், மேப்பிள் மரத்தின் சிறப்பை விளக்கித் தாமஸ் ஜெபர்சனுக்கு நீண்ட மடலொன்று வரைந்தார். உழவன் தன் குடும்பத்தோடு தன் காட்டிலேயே சர்க்கரை காய்ச்சிக்கொள்ள முடியுமாயின் கரும்புத் தோட்டத்து அடிமைமுறை தானே அற்றுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. ஜெபர்சனும் மேப்பிள் கன்றுகளை வரவழைத்துத் தம் பண்ணையில் நட்டார். ஆனால், அந்த வெப்பமான மண்ணில் அவை தழைக்கவில்லை. தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒருவர், அடிமையில்லாச் சர்க்கரைக்கு மரம் நட்டார் என்பது மனித நெஞ்சின் முரண்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு.

மேப்பிள் கரும்பை வெல்லவில்லை. கரும்பு தன் வேலையாட்களை மட்டும் மாற்றிக்கொண்டது. 1834இல் பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் வேண்டியிருந்தனர். மொரிசியசுக்கும், நேட்டாலுக்கும், பிஜிக்கும், நம் செபராங் பிறைக்கும் கப்பலேறியவர்களில் தமிழர் பல்லாயிரவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களை எண்ணிப் பாரதியார் கண்ணீர் வடித்துப் பாடியதை மாணவர் அறிவர். கரும்பைத் தமிழகத்துக்குக் கொணர்ந்த பெருமையை அதியமானின் முன்னோர்க்கு உரியதாக்கி ஔவையார் புறநானூற்றில் போற்றுகிறார். பெருமையாக வந்த பயிரே ஒரு காலத்தில் அந்த இனத்தாரைக் கடல் கடத்தும் கயிறாகவும் ஆயிற்று.

பேத்தி கொக்கோவைக் குவளைகளில் ஊற்ற முற்பட்டாள். "பொறு, கண்ணு. நுரையில்லாமல் ஊற்றினால் என்ன சுவை இருக்கும்?" என்று மூதாட்டி எழுந்தார். கம்பளியை நாற்காலியில் போட்டுவிட்டு, பிடியுள்ள இரண்டு பாத்திரங்களை வாங்கினார். ஒன்றை உயரத் தூக்கி, மற்றொன்றைத் தாழப் பிடித்து, தேநீர் ஆற்றுவதுபோல் ஆற்றினார். செந்நிறத் தாரை ஒரு முழம் நீண்டு விழுந்தது, நுரை மேலெழுந்தது. பேத்தி கைதட்டிச் சிரித்தாள்.

மெக்சிக்கப் பெண்ணொருத்தி நின்றவாறே உயரத்திலிருந்து கீழுள்ள கலத்துக்குக் கொக்கோவைத் தாரையாக ஊற்றி நுரைப்பிக்கும் காட்சி, 16ஆம் நூற்றாண்டின் ஓவியச் சுவடியொன்றில் காணப்படுகிறது. அவளை மூதாட்டி அறியார். மூதாட்டியை அவளும் அறிந்திருக்க வழியில்லை. கை ஒன்றே.

மூவரும் பருகினர். கொக்கோவின் கைப்பு முதலில் நாவைத் தொட்டது, துவர்ப்பு தொடர்ந்தது, உப்பு அவற்றை அடக்கியது, கடைசியில் மேப்பிளின் இனிப்பு, சற்றே புகைமணத்துடன், மெல்ல எழுந்து நிறைந்தது. வெள்ளைச் சீனியின் இனிப்பு உடனே வந்து உடனே போவது, இது தங்குவது. மூதாட்டி கண்களை மூடிக்கொண்டு, "இப்போதுதான் மீதிப் பாதியும் தெரிந்தது" என்றார்.

அப்போதுதான் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பாட்டி, நீங்கள் காய் உடைத்தபோது அம்மா எங்கே இருந்தார்? அம்மாவும் உடைத்தாரா?"

மகள் சட்டென்று, "நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு இடக்கையை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். அந்தக் கையின் பெருவிரலடியில் ஒரு நீண்ட தழும்பு உண்டு. கண்ணாடி கிழித்தது என்றே அவள் தன் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

மூதாட்டி குவளையைக் கீழே வைத்தார்.

"பிள்ளையிடம் எதற்கம்மா மறைக்கிறாய்? எனக்காக மறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கண்ணு, அந்தத் தழும்பு கண்ணாடி கிழித்ததில்லை. கொக்கோக் கத்தி கிழித்தது. கத்தியை அவள் கையில் கொடுத்தவள் நான்."

பிறகு அவர் சொன்ன செய்தி இது. மகள் நான்காம் வகுப்பில் இருந்த ஆண்டு, கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். காய்ப்பருவம், எடைக்குக் கூலி. இரண்டு கைகள் உடைப்பதைவிட நான்கு கைகள் உடைத்தால் கூலி மிகும். முதலில் ஒரு நாள் மகளை உடன் அழைத்துச் சென்றார். பிறகு வாரத்தில் இரண்டு நாள். பிறகு மூன்று நாள். ஒருநாள் ஈரக்காயில் கத்தி வழுக்கியது. கைக்குத் துணி சுற்றி, அன்றைய எடையை முடித்துவிட்டே வீடு திரும்பினர்.

மறுநாள், பள்ளி முடிந்த நேரத்தில், வகுப்பாசிரியர் தீம்பாருக்குள் நடந்து வந்தார். வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சேறாகியிருந்தது. அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். 17 நாள்களுக்கு நேரே சிவப்பு மை. எழுத்தறியாத தாய்க்கும் அந்தச் சிவப்பின் பொருள் விளங்கிற்று.

"அம்மா, நாளை இவளை அனுப்பி வையுங்கள். இவள் உடைக்க வேண்டிய காயை நான் மாலையில் வந்து உடைத்துத் தருகிறேன்" என்றார் அவர்.

வாய்ச்சொல்லாகப் போகவில்லை. மறுநாள் மாலையில் வந்தார். காய்க்குவியலின் அருகே குந்தி அமர்ந்து, பழக்கமில்லாத கையால் உடைத்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் அந்தத் தாய் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "ஐயா, போதும். இனி நீங்கள் இங்கே வரக்கூடாது, அவளும் வரமாட்டாள்" என்றார். அன்றுமுதல் இரண்டு கைகளால் கிடைத்த கூலியிலேயே அந்தக் குடும்பம் நடந்தது. சில நாள் இரவில் அடுப்பு எரியாமலும் இருந்தது. ஆனால், பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மை பிறகு விழவில்லை.

"17 நாள். நான் மறக்கவில்லை" என்றார் மூதாட்டி.

"எனக்கு நினைவிருப்பது அந்த 17 நாள் அல்ல, அம்மா. அதற்குப் பிறகு வந்த நாள்கள்தான்" என்று மகள் மறைத்த கையை எடுத்து, அன்னையின் கைமீது வைத்தாள். பேத்தி அந்தத் தழும்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

இது பழங்கதையாக முடிந்திருந்தால் நன்று. உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் இன்று ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரண்டு மேற்காப்பிரிக்க நாடுகளில் விளைகிறது. 2001ஆம் ஆண்டிலேயே, பிள்ளைகளை வாட்டும் கொடிய உழைப்பைக் கொக்கோத் தொழிலிலிருந்து அகற்றுவதாகப் பெருநிறுவனங்கள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. ஆயினும், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அவ்விரு நாடுகளிலும் கொக்கோத் தொழிலில் உழைக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 15,60,000 பேர். அவர்களுள் பலரும் தத்தம் பெற்றோரின் சிறுநிலத்தில், பெற்றோருடனேயே, கத்தி பிடிப்பவர்கள். அப்பெற்றோர் கொடியவர் அல்லர். அன்பில்லாமையால் எந்தத் தாயும் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுப்பதில்லை. விலை போதாமையால் கொடுக்கிறாள். கூலி குறையும் இடத்தில் முதலில் குறைவது பிள்ளையின் படிப்பே. இதனை உணராமல் பெற்றோரைப் பழிப்பது எளிது. அந்த ஆசிரியர்போல் காய்க்குவியலின் அருகே குந்தி அமர்வதே அரிது.

மேப்பிள் பாகை ஊற்றிவிட்டதால் மட்டும் ஒரு குவளை தூயதாகிவிடாது என்பதை ஜெபர்சனின் கதை உணர்த்துகிறது. இனிப்பை மாற்றுவது எளிது. கைப்பை விளைவிப்பவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன, அவர் பிள்ளை இன்று பள்ளிக்குச் சென்றதா என்று கேட்பதே பெரிது. அக்கேள்வியைப் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி தன் சமையலறையில் கேட்டாள். விடை தன் தாயின் கையிலேயே இருக்கக் கண்டாள்.

மறுநாள் காலையில், பள்ளிக்குப் புறப்படும்போது பேத்தி வழக்கத்தைவிட விரைவாகவே காலணியை அணிந்துகொண்டு நின்றாள். வெளியே வெயில் எழுந்து கூரைப்பனி சொட்டிக்கொண்டிருந்தது. மூதாட்டி வாயில்வரை வந்து, அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்தார். எதிரே இலையின்றி நின்ற மேப்பிள் மரத்தை ஒருமுறை நோக்கினார். அது பட்டுப்போன மரமன்று என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

"போய் வா, கண்ணு. ஒருநாளும் தவறவிடாதே" என்றார்.